கடன் தீர்ந்த பிறகும் தீராத கணக்கு

கறவை மாடு வாங்க அம்மா தாட்கோவில் விண்ணப்பித்திருந்தார். மானியத்தைத் தாட்கோ தரும். மீதியை வங்கிதான் கடனாகக் கொடுக்க வேண்டும். வங்கி மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல செட்டில்டுன்னு காட்டுதும்மா, எங்களால முடியாது" என்றார். "அதான் கட்டி முடிச்சாச்சே சார்" என்றிருக்கிறார் அம்மா. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "நாம ஏமாத்திட்டோம்னா எழுதி வச்சிருக்காங்க, பாப்பா?"

அந்தக் கடன் என்னுடையது. 2010-இல் பொறியியல் சேர்ந்தபோது வாங்கிய கல்விக்கடன் 2,80,000 ரூபாய். 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம், ஆனால் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். அப்பா இல்லாததால் அம்மா போட்டார். படித்து முடித்தேன், வேலை கிடைக்கவில்லை, வட்டி மட்டும் வளர்ந்தது. 2019-இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினார்கள். நான்கே கால் லட்சத்தில் இரண்டரை லட்சம் கட்டினால் போதும் என்றார்கள். அம்மாவின் தோடும், எனக்கு வந்த ஊக்கத்தொகை நிலுவையும் அதில் போயின. பாக்கி எதுவும் இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். கடன் பதிவில் என்ன எழுதுவார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

முழுத்தொகையும் கட்டினால் 'குளோஸ்டு'. குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு'. இந்த இரண்டாவது சொல், வங்கிக்கு நட்டம் வைத்த ஆள் என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும் சைகை. 300-இலிருந்து 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். கடன் தகவல் நிறுவனங்கள் இந்தத் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்கும். சமரசத்துக்குக் கூப்பிட்டது வங்கி, தொகையைச் சொன்னது வங்கி, கறை மட்டும் எங்களுக்கு.

அதே 2019-இல் இன்னொரு சமரசமும் நடந்தது. ஆலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளி நிறுவனத்தின் மீது சுமார் 29,500 கோடி ரூபாய் கோரிக்கைகள் இருந்தன. சுமார் 5,050 கோடிக்குத் தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதாவது 100 ரூபாய்க்கு 17 ரூபாய். நாங்கள் 100-க்கு 58 ரூபாய்க்கு மேல் கட்டினோம். அந்த நிறுவனம் இன்றும் பங்குச் சந்தையில் இருக்கிறது. தீர்வுத் திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் எல்லாம் அழிந்துவிடும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நிறுவனத்துக்குப் புதுப் பலகை, எங்களுக்குப் பழைய பலகை.

"அங்கே பழைய முதலாளி நிறுவனத்தையே இழந்தாரே" என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். அவருக்கு இழக்க ஒரு நிறுவனம் இருந்தது. கடன் நிறுவனத்தின் பேரில், வீடும் பேரும் தனி என்று பிரித்துவைக்கச் சட்டம் இருந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவளுக்கு அப்படி ஒரு மறைப்பு கிடையாது. அவள் பெயர்தான் அவளுடைய நிறுவனம். கூடவே அவள் அம்மாவின் பெயரும்.

கல்விக்கடனிலேயே இந்தப் பாகுபாட்டைப் பார்த்துவிட்டோம். பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக்கடன்களை 100 ரூபாய்க்கு 45 ரூபாய் என்ற கணக்கில் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. 2016-இல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் தமிழ்நாடு இதைப் பரவலாகப் பேசியது. 45 ரூபாயை மாணவரிடமே கேட்டிருக்கலாமே? வசூல் நிறுவனத்துக்குத் தள்ளுபடி கொடுத்தால் வணிகம்; சேரிப்பிள்ளைக்குக் கொடுத்தால் ஒழுக்கக்கேடு.

சிபிலுக்குச் சாதி தெரியாது என்பார்கள். தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நிலம் உள்ள வீட்டில் தவணை தவறினால் ஒரு துண்டை விற்று முழுசாகக் கட்டுவார்கள், பதிவில் 'குளோஸ்டு' விழும். விற்க எதுவும் இல்லாத வீட்டில்தான் 'செட்டில்டு' விழும். யாருக்கு நிலம் வந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வரலாறு அந்த மூன்று இலக்க எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிறகு அந்த எண்ணே தாட்கோ கோப்பையும் திருப்பி அனுப்புகிறது. சாதிக்குப் பரிகாரமாக அரசு ஒதுக்கிய மானியம், சாதி உண்டாக்கிய வறுமையின் பேரால் தடுக்கப்படுகிறது.

வேலைக்கும் இது வந்துவிட்டது. கடன் பதிவு சரியில்லை என்று ஒருவரின் நியமனத்தை வங்கி ரத்து செய்ததை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கடனை அடைக்க வேலை வேண்டும், வேலைக்குக் கடன் பதிவு வேண்டும். இந்தச் சுழலில் முதலில் மாட்டுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தோழர்களே, சமரசக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் பதிவில் என்ன எழுதுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள்; 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. விட்ட தொகையைப் பின்னால் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் அது பணம் உள்ளவர்களுக்கான வழி.

எங்கள் கோரிக்கை வேறு. சமரசத்தில் முடிந்த கல்விக்கடன் 'முடிந்தது' என்றே பதிவாக வேண்டும். இணைக் கடனாளியான பெற்றோர் மீது அந்தக் கறை படியக் கூடாது. பட்டியல் சாதியினருக்கான அரசுத் திட்டக் கடன்களை இந்தக் காரணத்தால் மறுக்கக் கூடாது. சட்டம் நினைத்தால் இது முடியும். 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், பண்ணையார் கணக்கு நோட்டில் இருந்த கொத்தடிமைக் கடனை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கியது. ஒரு பைசா கட்டச் சொல்லவில்லை, பேருக்கு எதிரே எதுவும் எழுதவும் இல்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நாம யாரையும் ஏமாத்தலம்மா." அதை அந்த வங்கிக் கணினியும் சொல்லும்வரை விடப்போவதில்லை.