பிணை உண்டு, பிணையாள் எங்கே?

‘நீதிமன்றமே பிணை தந்துவிட்டது, இன்னும் சிறையில் இருந்தால் அது அவன் தலைவிதி’ என்று நம்மவருள் படித்தவர்களே பேசக் கேட்கிறோம். தலைவிதி அன்று, அது ஒரு நடுவர் தம் கையால் எழுதிய நிபந்தனை.

1978-இல் உச்ச நீதிமன்றம் கண்ட வழக்கொன்றை நினைவுகூர்வோம். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரைப் பிணையில் விட அம்மன்றமே ஆணையிட்டிருந்தது. பிணைத்தொகையை முடிவு செய்ய வேண்டிய நடுவரோ 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார். கொத்தனாரின் உடன்பிறந்தார் முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று தள்ளிவிட்டார். (மாவட்ட எல்லையைத் தாண்டினால் உடன்பிறப்பும் அற்றுப்போகுமோ?) நீதியரசர் கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்கப் பணித்தார்.

ஆளையும் சூழலையும் அறிந்து அளப்பதற்காகவே சட்டம் நடுவருக்கு விருப்புரிமை அளித்தது. கூலியாளுக்கும் வணிகருக்கும் ஒரே தொகையை எழுதும் கை அவ்வுரிமையைப் பயன்படுத்தவேயில்லை, பழக்கத்துக்குக் கையெழுத்திடுகிறது. பவுலை விசாரித்தும் தீர்ப்பளிக்காமல் ஈராண்டு காவலில் வைத்த ஆளுநர் பெலிக்சு பணத்தை எதிர்பார்த்தார் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். நம் நடுவர் பணம் எதிர்பார்ப்பவர் அல்லர். ஆயினும் பணமில்லாதவனே உள்ளே கிடக்கிறான்.

உள்ளே கிடப்பவனுக்கு நேர்மையான விசாரணை ஏது? வழக்கறிஞரை அவன் தேடிப் போக இயலாது. தன் பக்கச் சாட்சியைக் கண்டுபிடிக்க இயலாது. கூலி நின்றதால் வழக்குச் செலவுக்கு வழியில்லை. சிறு குற்றம் சாட்டப்பட்டவனிடம் ‘ஒப்புக்கொள், இருந்த நாளைக் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று யாரேனும் சொன்னால், செய்யாததையும் செய்தேன் என்பான். அந்த ஒப்புதலை நாம் நீதி என்று அழைக்கிறோம்!

‘ஓடிவிட்டால்?’ என்பர். குடும்பம், வேலை, ஊரோடுள்ள உறவு ஆகியவற்றை எடைபோட்டுச் சொந்தப் பிணையில் விடலாம் என்று 1979-இலேயே பீகார்க் கைதிகள் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. 2022 முடிவில் நாட்டின் 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அனைவரும் பிணையாளின்றி இருப்பவர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் உள்ளூர்ப் பிணையாள் கேட்பதே விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்ததே! ஒரு மாதத்திற்குள் பிணை கொடுக்க இயலாதோருக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கீழமை நீதிமன்றங்கள் தாமாகவே ஆராயலாம் என்றும் அது கூறியது.

ஆகவே, சிறைச் சந்திப்புக்குச் செல்லும் நம் பங்கு மக்கள் பழமும் ரொட்டியும் கொடுத்துத் திரும்பிவிட வேண்டாம். ‘உமக்குப் பிணை ஆணை எந்தத் தேதியில் கிடைத்தது?’ என்று கேளுங்கள். மாதம் கடந்திருந்தால், அத்தேதியோடு அன்றே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வாசலுக்குச் செல்லுங்கள்.