லேசருக்குக் கைதட்டல்... உருண்டைக்கு?

2022 டிசம்பர் 5. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு உலோகக் குழலுக்குள் பாய்ந்தன. அங்கே எழுந்த எக்ஸ் கதிர்கள் நடுவிலிருந்த உருண்டையை நசுக்கின. லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், அணுக்கரு இணைவில் கிடைத்தது 3.15 மெகாஜூல். உலகமே லேசரைப் புகழ்ந்தது. நசுங்கிய உருண்டையை யார் கண்டுகொண்டார்கள்?

அது சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வைரக் கூடு. அதன் உள்சுவரில் ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே பனிப்படலமாக உறைந்திருக்கும். வாயுவைவிடப் பனிக்கு அடர்த்தி அதிகம்; அதனால்தான் இந்தப் பாடு. படலத்தில் மேடு பள்ளம் இருந்தால் உருண்டை கோணலாக நசுங்கும், இணைவு குன்றிவிடும். இங்கே இயற்கையே கைகொடுக்கிறது! டிரிட்டியத்தின் கதிரியக்கச் சூடு, பனி தடித்த இடத்தில் ஆவியாகி மெலிந்த இடத்தில் படியும்படி செய்து, படலத்தைச் சமன் செய்கிறது.

ஆனால் ஆய்வகம் வேறு, மின் நிலையம் வேறு. அந்த லேசரை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. எனவே லேசரும் மாற வேண்டும்தான். அது மட்டும் போதுமா? நொடிக்குப் பத்து உருண்டை என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 8,64,000 உருண்டைகள்! ஒவ்வொன்றும் தான் தரும் மின்சாரத்தைவிட மலிவாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

இனி யாராவது இணைவு மின்சாரம் வந்துவிட்டது என்றால், லேசரின் பலத்தை மட்டும் கேட்காதீர்கள். உருண்டை என்ன விலை என்றும் கேளுங்கள்!