வானொலியும் அதன் காலடி நிலமும்

அமெரிக்காவின் ஊர் வானொலி நிலையங்கள் அடிக்கடி கைமாறுகின்றனவே, அடுத்து எது விலைப்படும் என முன்கூட்டி அறிதல் இயலுமா என்று மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார். அதற்குச் சாத்திரியாரிடம் செல்ல வேண்டியதில்லை. மூன்று குறிகளை நோக்கினாற் போதும் என்றோம்.

முதலாவது, சட்டம். ஒரே நிறுவனம் நாடு முழுவதிலும் இத்தனை நிலையங்களையே வைத்திருக்கலாம் என்னும் வரையறை அங்கே முன்னர் இருந்தது. 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதனை நீக்கிற்று. சில ஆண்டுகளுள் கிளியர் சனல் என்னும் ஒரு நிறுவனத்திடம் 1,200க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்துவிட்டன.

இரண்டாவது, கடன். கடன்பட்டு வாங்கியவர் ஒருநாள் விற்கவும் நேரும். கியூமுலஸ் நிறுவனம் 2017 இலும், கிளியர் சனலின் வழிவந்த ஐஹார்ட்மீடியா 2018 இலும் கடன் தாங்காது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடின. 2019 இல் கியூமுலஸ், நியூயோர்க்கின் புகழ்பெற்ற டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்தை 12.5 மில்லியன் டொலருக்கு விற்க உடன்பட்டது.

மூன்றாவது, நிலம். பலர் கவனியாத குறி இதுவே. மத்திய அலையின் நீளம் பெரிது. 630 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலை ஏறத்தாழ 476 மீற்றர் நீளமுடையது; அதன் காற்பங்கு உயரத்துக்குக் கோபுரம் எழுப்பினும் 119 மீற்றர் ஆகும். கோபுரத்தைச் சுற்றி மண்ணுள்ளே செப்புக் கம்பிகளையும் புதைத்தல் வேண்டும். ஆதலின் நகருக்கு அப்பால் மலிவான வெளிகளிலே கோபுரங்களை நட்டனர். நாளடைவில் நகரம் வளர்ந்து அவ்வெளிகளைச் சூழ்ந்துகொண்டது. வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில், அதே கியூமுலஸுக்குரிய டபிள்யூ.எம்.ஏ.எல். கோபுரங்கள் நின்ற 75 ஏக்கர் நிலம் 74 மில்லியன் டொலர் பெற்றது. வீடு கட்டுவோரே அதனை வாங்கினர். 2020 இல் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டன. ஒலிபரப்பு வேறொரு நிலையத்தின் கோபுரங்களை அண்டிற்று. நியூயோர்க் நிலையத்தின் விலையையும் இந்நிலத்தின் விலையையும் வாசகர்கள் ஒப்பிட்டு நோக்குக.

இவையெல்லாம் வாணிகக் கணக்கென ஒதுக்கிவிடல் தகாது. 2002 சனவரியில் ஒருநாள் நள்ளிரவு கடந்த வேளையில், வடக்கு டகோட்டா மாநிலத்து மைனொட் நகரருகே சரக்கு ரயிலொன்று தடம் புரண்டு, அமோனியா வாயு ஊரிற் பரவியது. ஒருவர் மாண்டார், பலர் துன்புற்றனர். அவ்வூரின் வர்த்தக வானொலி நிலையங்கள் ஆறும் கிளியர் சனலுக்கே உரியன. எனினும், எச்சரிக்கை உரிய வேளையில் வானொலி வழியே மக்களை எட்டவில்லை. பழி எவரைச் சாரும் என்பது பின்னர் பெரும் வாதமாயிற்று.

அந்நாட்டிலே உரிமை மாற்றத்துக்குத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் இசைவு வேண்டும். விண்ணப்பம் பகிரங்கப்படுத்தப்பட்ட பின் ஆட்சேபிக்க 30 நாள் உண்டு. மாணவர்களே, வாங்குபவர் யார் என்பதை மேற்கூறிய குறிகளால் ஓரளவு ஊகிக்கலாம். வாங்கிய பின், நள்ளிரவில் அந்த ஊருக்காக விழித்திருந்து பேச ஒருவரேனும் இருப்பாரா என்பதையோ, அந்த 30 நாளுக்குள் ஊரவரே கேட்டறிதல் வேண்டும்.