பழைய ஜாய்ஸ்டிக் புது பாக்ஸுக்கு ஏன் சேர்வதில்லை? பதில் சொல்லும் விருத்தாசலம் அச்சு!

வாரம் ஒரு கேள்வி

பிளேஸ்டேஷன் 4 இருக்கும் வீட்டில் பிளேஸ்டேஷன் 5 வாங்கும் பேச்சு வந்தால், அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பழைய ஜாய்ஸ்டிக் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, அதையே வெச்சுக்க வேண்டியதுதானே?"

வைத்துக்கொள்ளலாம். ஆனால், பிஎஸ்4 கேம்களை மட்டுமே ஆடலாம். பிஎஸ்5-க்கென்று வந்த கேம்கள் அதில் ஓடாது. 2020-ல் பிஎஸ்5 விற்பனைக்கு வரும் முன்பே சோனி இதை அறிவித்துவிட்டது. அதே 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பாக்ஸிலோ, 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் ஜாய்ஸ்டிக்கும் புது கேமுக்கு வேலை செய்கிறது.

ஒரே ஆண்டு, ஒரே தொழில், நேரெதிரான இரண்டு முடிவுகள். அப்படியென்றால், நம் ஊரில் ஜாய்ஸ்டிக் என்றும் கம்பெனிகள் கன்ட்ரோலர் என்றும் சொல்லும் இந்தக் கைப்பிடி, தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது ஏன்? ஜப்பான் போகும் முன், விருத்தாசலம் ஒரு நடை போய்வந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அச்சு மாறும்போது மூக்கும் மாறும்!

பழமலைநாதர் கோயிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கு இன்னொரு அடையாளம், பீங்கான். பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல் உள்ள மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கின்றன. கொலு பொம்மை, அகல் விளக்கு, வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர் எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு.

பீங்கான் பொம்மை செய்யும் முறை எளிமையானது. கூழ் போலக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரமாகக் களிமண் படிந்து கெட்டியாகும். நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை எடுத்துக் காயவைத்துச் சூளையில் சுடுவார்கள். ஊற்ற ஊற்ற அச்சு தேயும். பொம்மையின் மூக்கு மழுங்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும். அப்போது புது அச்சு எடுக்க வேண்டும். பொம்மையின் முகத்தில் ஏதாவது திருத்தம் செய்வதாக இருந்தால், அதற்குத் தோதான நேரமும் அதுதான். அச்சு நன்றாக இருக்கும்போதே மாற்றினால், இருக்கும் அச்சு வீண்.

ஜாய்ஸ்டிக் கதையும் இதேதான். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி மேல் ஓட்டை வார்க்கிறார்கள். எஃகு அச்சு லட்சக்கணக்கில் வார்த்தாலும் தாங்கும். செய்யத்தான் செலவு அதிகம். அதனால் "இந்தப் பட்டன் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம்", "பிடி வழுக்குகிறது" என்று வரும் யோசனைகளை எல்லாம் சேர்த்துவைத்து, புது பாக்ஸ் வரும்போது மொத்தமாக மாற்றுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை திடீரென எல்லாம் மாறியதுபோலத் தெரிவது இதனால்தான்.

ஃபியூஸ் கேரியர் இன்னொரு விஷயமும் சொல்கிறது. கேரியர் தனியாக நிற்காது. சுவரில் இருக்கும் பேஸில் அது சரியாக உட்கார வேண்டும். ஊரெல்லாம் சுவரில் பேஸ் இருக்கும்போது, கேரியரின் வடிவத்தை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றம் வந்தபோது முழுசாகத்தான் வந்தது. புது வீடுகளில் பேஸும் இல்லை, கேரியரும் இல்லை, எம்.சி.பி. சுவிட்ச்தான். கேம் பாக்ஸ் அந்த பேஸ் மாதிரி. பாக்ஸே மாறும்போது, ஜாய்ஸ்டிக்கை மாற்றும் சுதந்திரம் கம்பெனிக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தச் சுதந்திரத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேம் மாறினால் கை வேலை மாறும்

முதல் காரணம் நியாயமானது. 1977-ல் வந்த அட்டாரியில் ஒரு குச்சி, ஒரு பட்டன். அன்றைய கேமுக்கு அது போதும். நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய், 1982-ல் உள்ளங்கை அளவு டான்கி காங் கேமுக்காகக் கூட்டல் குறி வடிவ பட்டனைக் கொண்டுவந்தார. கட்டைவிரல் ஒன்றே நான்கு திசைக்கும் போதுமானது. அடுத்த ஆண்டே அது ஃபாமிகாம் பாக்ஸுக்கு வந்தது. 90-களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற, மஞ்சள் கேசட் போட்டு மாரியோவும் கான்ட்ராவும் ஆடிய டிவி கேம்கள் எல்லாம் அந்த ஃபாமிகாமின் நகல்களே.

கேம்கள் முப்பரிமாணத்துக்குப் போனபோது அந்தக் கூட்டல் குறி திணறியது. மெதுவாக நடப்பதற்கும் வேகமாக ஓடுவதற்கும் ஒரே அழுத்தம்தானே! 1996-ல் நிண்டெண்டோ 64, எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம் தரும் அனலாக் குச்சியோடு வந்தது. 1997-ல் சோனி இரண்டு குச்சிகள் வைத்தது. ஒன்று நடக்க, இன்னொன்று சுற்றிப் பார்க்க. இன்றுவரை அந்த அமைப்புதான். டூயல்ஷாக்கின் தோற்றத்தை சோனி பெரிதாக மாற்றாமல் பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 என மூன்று தலைமுறைக்கு ஓட்டியது. கை பழகிய வடிவத்தைத் தொடாமலும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

உள்ளங்கை கொடுத்த புகார்கள்

சில மாற்றங்கள் ஆடியவர்களின் கை வலியில் பிறந்தவை. ஃபாமிகாமில் முதலில் இருந்த சதுர ரப்பர் பட்டன்கள் அழுத்தினால் சிக்கிக்கொண்டன. சீக்கிரமே வட்ட பட்டன் வந்தது. மாரியோ பார்ட்டி கேமில் குச்சியை உள்ளங்கையால் வேகமாகச் சுழற்றி, குழந்தைகளுக்குக் கை கொப்பளித்தது. 2000-ல் நியூயார்க் மாநில அரசு தலையிட்ட பிறகு, நிண்டெண்டோ கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் ஜாய்ஸ்டிக் மிகப் பெரிது. உள்ளே வைத்த சர்க்யூட் போர்டு பெரிதாக இருந்ததும் ஒரு காரணம். ஜப்பானுக்காகச் செய்த சிறிய வடிவமே பிறகு எல்லா நாட்டுக்கும் வந்தது. 2006-ல் வீ ரிமோட்டை வீசி ஆடும்போது மணிக்கட்டுக் கயிறு அறுந்து, ரிமோட் பறந்தது. சுமார் 32 லட்சம் கயிறுகளை நிண்டெண்டோ மாற்றிக்கொடுத்தது.

2020-ன் எக்ஸ்பாக்ஸ் ஜாய்ஸ்டிக் முந்தையதைவிடச் சற்றே சிறியது. எட்டு வயதுக் குழந்தையின் கையையும் கணக்கில் எடுத்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. பெரியவர்களிலும் சிறிய கைகள் உண்டே!

கோர்ட் போட்ட டிசைன்

வழக்கால் மாறிய வடிவமும் உண்டு. ஜாய்ஸ்டிக் கையில் அதிரும் தொழில்நுட்பம் தங்களுடையது என்று இம்மெர்ஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2002-ல் சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் அடுத்த ஆண்டே சமரசம் செய்துகொண்டது. சோனி எதிர்த்து நின்றது. 2006-ல் வந்த பிஎஸ்3-ன் ஜாய்ஸ்டிக்கில் அதிர்வே இல்லை. அசைவை உணரும் சென்சாருக்கு அதிர்வு இடைஞ்சல் என்று விளக்கம் சொன்னார்கள். 2007 மார்ச்சில் வழக்கு சமரசமானது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் டூயல்ஷாக் 3 வந்தது. அதில் அசைவு சென்சாரும் இருந்தது, அதிர்வும் இருந்தது!

மாற வேண்டியது மட்டும் மாறவில்லை

இத்தனை மாறியும், வீடுகளில் அதிகம் எரிச்சல் தரும் கோளாறு அப்படியே இருக்கிறது. யாரும் தொடாமலே திரையில் ஆள் தானாக நகர்வான். இதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளில் குச்சியின் அடியில் கார்பன் பூசிய தடமும், அதன்மேல் உரசும் சிறிய உலோகக் கையும் இருக்கின்றன. பழைய ரேடியோவில் சவுண்ட் திருகும் குமிழுக்கு உள்ளே இருப்பதும் இதுதான். உரசினால் தேயும். தேய்ந்தால், குச்சி எங்கே நிற்கிறது என்ற கணக்கு தப்பும். நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் டிரிஃப்ட்டுக்காக 2019 முதல் அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. 2020-ல் அந்த நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

உரசாமல் காந்தத்தை வைத்தே நிலையை அறியும் 'ஹால்' சென்சார் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1998-ல் வந்த சேகா டிரீம்காஸ்ட்டிலேயே அது இருந்தது. ஆனாலும் பிஎஸ்5-ன் டூயல்சென்ஸ் உரசும் குச்சியோடுதான் வந்தது. 2023-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த டூயல்சென்ஸ் எட்ஜில், குச்சிப் பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஆனால், அது விலை கூடிய மாடல்.

இப்போது அப்பாவின் கேள்விக்குத் திரும்பலாம். பழைய ஜாய்ஸ்டிக்கை மறுத்ததற்கு சோனி சொன்ன காரணம், புது டூயல்சென்ஸின் நுட்பமான அதிர்வையும், வில் இழுப்பதுபோல இறுகும் டிரிக்கர்களையும் புது கேம்கள் பயன்படுத்த வேண்டும் என்பது. வசதிகள் உண்மையானவை. ஆனால், பிஎஸ்4-க்கென வாங்கிய, சோனி அங்கீகரித்த ரேஸிங் ஸ்டீயரிங்குகள் சில பிஎஸ்5 கேம்களில் ஓடுகின்றன. முடியாது என்பதைவிட, வேண்டாம் என்று எடுத்த முடிவு இது. பாக்ஸில் குறைந்த லாபம் வைத்து, சில நேரம் நஷ்டத்துக்கே விற்று, கேமிலும் துணைப் பொருள்களிலும் ஈடுகட்டுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டாவது ஜாய்ஸ்டிக் என்பது தனி பட்ஜெட்!

வாங்கும் முன்... தூக்கிப்போடும் முன்!

* புது பாக்ஸ் வாங்குமுன், பழைய ஜாய்ஸ்டிக் எந்தெந்த கேமுக்குச் செல்லும் என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். 'கனெக்ட் ஆகும்' என்பதும் 'எல்லா கேமுக்கும் ஓடும்' என்பதும் வேறு வேறு.

* டிரிஃப்ட் வந்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். தூசியாக இருக்கலாம். கேம் செட்டிங்ஸில் 'டெட் ஸோன்' அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் சில நாள் தாங்கும். வாரன்ட்டி முடிந்திருந்தால், குச்சிப் பகுதியை மட்டும் மாற்றிச் சால்டர் செய்துதரும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உண்டு.

* வேறு கம்பெனி ஜாய்ஸ்டிக் வாங்குவதாக இருந்தால், 'ஹால் எஃபெக்ட்' குச்சியா என்று கேளுங்கள். உங்கள் பாக்ஸோடு சேருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

* சின்னப் பிள்ளைக்கு வாங்கினால், கடையில் கையில் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் எல்லா பட்டனையும் எட்ட வேண்டும்.

* கை விரல்களை எளிதாக அசைக்க முடியாதவர்களுக்கென்றே எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-லும், பிளேஸ்டேஷன் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023-லும் வந்துள்ளன. பெரிய பட்டன்களை வேண்டிய இடத்தில் வைத்து ஆடலாம்.

* பிஎஸ்4 ஜாய்ஸ்டிக் வீட்டில் சும்மா கிடக்கிறதா? ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து, விளக்கு மினுக்கும்வரை அழுத்திப்பிடித்தால், ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் புளூடூத் வழியாக இணைத்துவிடலாம். ஜாய்ஸ்டிக்கை ஏற்கும் மொபைல் கேம்கள் நிறைய இருக்கின்றன. பாட்டிக்கு கேரம், பேரனுக்குக் கார் ரேஸ்... இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்!