ஆத்திரமும் அபாயச் சங்கிலியும்

முன்பதிவில்லாத பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஜோலார்பேட்டையில் ஒருவர் முண்டியடித்து ஏற வருவார். "உள்ளே இவ்வளவு இடம் இருக்கே, கொஞ்சம் நகருங்க சார்" என்று கெஞ்சுவார். எப்படியோ ஏறியும் விடுவார். காட்பாடி வந்ததும் அதே மனிதர் கதவை மறித்துக்கொண்டு, "இங்கே இடமே இல்லை, அடுத்த பெட்டிக்குப் போங்க" என்பார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்குள் வெளியாள் உள்ளாளாகிவிட்டார்! ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டு சிரித்திருக்கிறேன். ஆனால் அதே மனநிலை பெட்டியை விட்டுத் தெருவில் இறங்கும்போது சிரிக்க முடிவதில்லை.

பெங்களூரில் வாழும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதை அடுத்து 1991 டிசம்பரில் இங்கு நடந்தவை பெரியவர்களுக்கு மறந்திருக்காது. 2016 செப்டம்பர் 12 இளைஞர்களுக்கும் நினைவிருக்கும். அதே நாட்களில் தமிழ்நாட்டில் கன்னடர்களின் உணவகமும் வாகனங்களும் தாக்கப்பட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யார் முதலில் தொடங்கினார்கள் என்ற வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. என் கேள்வி வேறு. அன்று இரு மாநிலத் தெருக்களிலும் கல்லெடுத்தவர்களில் ஒருவருக்காவது அணையின் மதகை ஓர் அங்குலம் திறக்கவோ மூடவோ அதிகாரம் இருந்ததா? இல்லை. அப்படியானால் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது?

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் என் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரியின் ஓட்டுநரை நாலு பேர் அடிக்கும் காட்சி. ரத்தம் கொதித்தது. எந்த ஊர், எந்த நாள் என்று எதையும் பார்க்காமல் நம்மவர்கள் இருக்கும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அனுப்பியதும் மனதுக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி. பத்து நிமிடத்தில் ஓர் இளைஞர், "நம்ம தெருவிலும் அவங்க கடை இருக்கே" என்று எழுதினார். மாலையில், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் எழுபத்தெட்டு வயது அம்மாள் போன் செய்தார். "தம்பி, நீங்க அனுப்பின படத்தைப் பார்த்ததிலிருந்து வயித்தைக் கலக்குது. கதவைப் பூட்டிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிபட்ட ஓட்டுநருக்கு நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. என் பயத்தையும் கோபத்தையும் பார்சல் கட்டி இன்னொரு வீட்டில் இறக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, இதைப் புரிந்துகொள்ளச் சமூக உளவியல் புத்தகங்கள் சிலவற்றைப் படித்தேன். நான் டிப்ளமோ படித்தவன், பண்டிதன் அல்லன். ஆனாலும் மூன்று ஆராய்ச்சிகள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டன.

முதலாவது, ஹென்றி டாஜ்ஃபெல் என்பவருடையது. போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு மீண்டபோது குடும்பத்தாரை நாஜிகளின் கொடுமைக்கு இழந்திருந்தார். 1970இல் வெளிவந்த ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பது போன்ற அற்பக் காரணம் சொல்லி இரண்டு பிரிவாக்கினார். பழைய பகை இல்லை, முன்விரோதம் இல்லை. தன் பிரிவில் யார் யார் என்பதுகூடத் தெரியாது. அப்படியிருந்தும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் பிரிவுக்கே அதிகம் கொடுத்தார்கள். எதிர்ப் பிரிவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தம் பிரிவுக்கு வரக்கூடிய தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்றிருந்தார்கள்! 'நாம்' என்ற உணர்வுக்கு ஒரு சாக்கு போதும். நமக்கோ மொழி இருக்கிறது, ஆறு இருக்கிறது, அரசியல் வேறு இருக்கிறது.

இரண்டாவது, முஸாபர் ஷெரீஃப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடத்திய கோடை முகாம். ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்த 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே ஒரு அணி மற்ற அணியின் கொடியை எரித்தது. குடிலுக்குள் புகுந்து சூறையாடியது. சேர்ந்து சாப்பிட வைத்தால் சரியாகும் என்று பார்த்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் முகாமுக்கு வரும் தண்ணீரை அடைத்தார்கள். தாகமெடுத்த இரு அணியும் சேர்ந்து தேடி, தொட்டிக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தன. அத்தகைய வேலைகளை ஒன்றாகச் செய்த பிறகுதான் பகை கரைந்தது. ஊர் திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில் போக விரும்பினார்கள். தண்ணீரால் வந்த சண்டையைத்தான் நாம் அறிவோம். இங்கே தண்ணீரே சமாதானம் செய்து வைத்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கிளாஸ், சிங்கர் என்ற இருவர் 1972இல் வெளியிட்டது. காதைப் பிளக்கும் இரைச்சலில் சிலரை உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு பொத்தான் கொடுத்து, "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருப்பது நல்லது" என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. இரைச்சல் இரு சாராருக்கும் ஒன்றே. ஆனால் அதன்பின் கொடுத்த வேலைகளில், பொத்தான் வைத்திருந்தவர்கள் பொறுமையோடும் குறைந்த பிழைகளோடும் செய்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள்.

இது நம் ரயில் பெட்டியின் அபாயச் சங்கிலிதானே! ஆயுளில் ஒருமுறைகூட அதை இழுக்காத கோடிக்கணக்கானோர் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கையெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே போதும்.

என் கருத்து இதுதான். 'நாம் தமிழர்' என்ற உணர்வு தவறே அல்ல. அது இல்லாவிட்டால் இந்தச் சங்கமும் இல்லை, இந்த மலரும் இல்லை. அந்த உணர்வோடு 'என் கையில் ஒன்றும் இல்லை' என்ற தவிப்பும் சேரும்போதுதான் ஆபத்து. தனி மனிதனாகக் கையாலாகாதவன் கூட்டத்தில் சேர்ந்ததும் பலசாலியாகிறான். கல்லெறிவதும், சரிபார்க்காத வீடியோவை அனுப்புவதும் அந்தப் பொய்ப் பலத்தின் இரண்டு வடிவங்கள். ஆகவே "கோபப்படாதீர்கள்" என்று உபதேசம் செய்து பயனில்லை. கோபப்படுகிறவர் கையில் உண்மையான வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாள் விஷயத்தில் இதை நேரில் கண்டேன். மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு, "அம்மா, தனியாக இருக்கும் மூன்று பேரின் நம்பர் தருகிறேன். காலையும் மாலையும் பேசி, மருந்து, பால் எது வேண்டுமென்று கேட்டு எனக்குச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். மாலையில் அவர் குரலே மாறியிருந்தது. "தம்பி, கடைசி வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு, சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்க" என்று என்னை அதட்டினார்! மாத்திரையை வாங்கி வந்து கொடுத்தவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் கன்னட ஆசிரியர். ஊர் நிலவரம் அப்படியே இருந்தது. அந்த அம்மாள் மட்டும் மாறியிருந்தார்.

சங்கத்துக்கு இரண்டு யோசனைகள் சொல்ல விரும்புகிறேன். ரயில்வேயில் 'பிரைவேட் நம்பர்' என்று ஒரு முறை உண்டு. கேட்டை மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் போனில் சொன்னால் மட்டும் போதாது. தம்மிடமுள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே சிக்னல் இறங்கும். பதற்றமான நேரத்தில் நமக்கு வரும் செய்திக்கும் அப்படி ஒரு நம்பர் வேண்டும். எடுத்தவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி? மூன்றுக்கும் பதில் கிடைக்காத எதையும் நம் குழுக்களில் போடுவதில்லை என்று தீர்மானம் போடலாம்.

இரண்டாவது, பகை வருமுன்பே சேர்ந்து செய்யும் வேலை. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் கூடி, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். நாம் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. நம் குடியிருப்புகளில் மழைநீர்த் தொட்டி கட்டுவதையும் தூர்வாருவதையும் கன்னட அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்தால் போதும்.

அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அதே வாரம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதியவர் நம் கோபங்களுக்காக அத்தனை ஆண்டுகள் முகம் மூடி நின்றார். காவிரிப் பங்கீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது என்றாலும், மழை குறைந்த 2023இல் பதற்றம் மீண்டும் தலைதூக்கியதைப் பார்த்தோம். இனியும் மழை பொய்க்கும் ஆண்டுகள் வரும். அதற்கு முன்பே, தனியாக இருப்பவர்கள் யார், அவர்களுக்கு யார் போன் செய்வது என்ற பட்டியலைச் சங்கம் தயாரித்து வைத்திருக்கட்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.