எல்லாக் குருதியும் மூலமன்று



மலத்துடன் குருதி வந்தால் நம்மில் பலர் 'மூலம்' என்று தாமே முடிவுகட்டி, கைமருந்துகளோடு மாதங்களைக் கழித்துவிடுகின்றனர். மருத்துவரிடம் சொல்லவும் நாணுகின்றனர். அந்த நாணமே நோய்க்கு இடங்கொடுக்கிறது.

வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, உறக்கத்திலிருந்து எழுப்பும் மல உந்துதல், வயிற்றுவலி, உடல் மெலிவு, சோகை ஆகியவை குடல் அழற்சி நோயின் அடையாளங்களாக இருக்கலாம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குவதால் விளையும் நோய் இது, பிறருக்குத் தொற்றாது.

இதில் இருவகை உண்டு. பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்குவது 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. வாய்முதல் ஆசனவாய்வரை எங்கும் தோன்றிக் குடற்சுவரை ஆழமாகத் தாக்கவல்லது 'கிரோன் நோய்'. 1932இல் சக மருத்துவர் இருவருடன் இதனை விவரித்த அமெரிக்க மருத்துவர் பர்ரில் கிரோனின் பெயரே இதற்கு நிலைத்தது.

ஒரே சோதனையால் இந்நோய் உறுதியாவதில்லை. இரத்தத்தைப் பரிசோதிப்பர், அழற்சியைக் காட்டும் 'கால்புரோடெக்டின்' அளவை மலத்தில் பார்ப்பர். பின்னர் கொலோனாஸ்கோப்பி வழியே குடலினுள் நோக்கிச் சிறு சதைத்துணுக்கு எடுத்து ஆராய்வர். 'இத்தனை சோதனைகள் ஏன்?' என்று சலிப்படையாதீர்கள். நம் நாட்டில் காணப்படும் குடல் காசநோய், கிரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும். கிரோனுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு, காசநோயைத் தீவிரமாக்கிவிடக்கூடும்.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லையெனினும், தொடர்ந்த சிகிச்சையால் அடக்கிவைக்க இயலும். பெரும்பாலும் இளவயதிலேயே இது தலைகாட்டுகிறது. ஆகவே, அடிக்கடி கழிப்பறைக்கு ஓடும் பிள்ளையை அதட்டாதீர்கள். அருகிலமர்த்திக் கனிவுடன் கேளுங்கள்.