காக்க வேண்டியது குரலையா, நெறிமுறையையா?

சென்ற வாரம் எங்கள் ஆய்வாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இருக்கிறது, புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியிலிருந்து அதன் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முடியவில்லை, என்ன செய்வது? பத்து நிமிடத்துக்குள் நான்கு விடைகள் வந்தன. எஸ்எம்பி 1-ஐ இயக்குங்கள். ஃபயர்வாலை அணையுங்கள். கோப்புறையில் 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு உரிமை கொடுங்கள். கடவுச்சொல் பாதுகாப்பை நீக்குங்கள். அவர் நான்கையும் செய்தார். கோப்புறை திறந்தது. கைகூப்பிய படங்களோடு உரையாடல் முடிந்தது.

அந்த உரையாடல் அங்கே முடிந்திருக்கக் கூடாது என்று கருதுகிறேன். இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், இரண்டாண்டுகளுக்கு முன் நானும் இதே நான்கையும் செய்தவன் என்பதே என் தகுதி.

ஆந்திர–ஒடிசா எல்லையில் பேசப்படும் ஒரு சிறிய திராவிட மொழியில், 2003–04 காலத்தில் ஒரு பேராசிரியர் களப்பதிவுகள் செய்திருந்தார். இன்று ஓய்வு பெற்றுவிட்டார். பதிவுகள் அவர் வீட்டு எக்ஸ்பி கணினியில் மட்டுமே இருந்தன. கதை சொன்னவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களில் ஒரு பாட்டியின் பேரன், பாட்டியின் குரல் கிடைக்குமா என்று தொலைபேசியில் கேட்டதால்தான் நான் அந்த வீட்டுக்கே போனேன். பென் டிரைவ் வேண்டாம் என்றார் பேராசிரியர். முன்பொருமுறை வைரஸ் புகுந்து பட்டபாடு அவருக்கு மறக்கவில்லை. ஆகவே இரு கணினிகளையும் அவருடைய ரவுட்டரில் இணைத்துக் கோப்புகளை எடுக்க முயன்றோம். அந்த முயற்சியில் ஒரு முழு நாள் போயிற்று.

இத்தகைய நாள் ஏன் வீணாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் திரையில் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. 'நெட்வொர்க்' சன்னலில் பழைய கணினியின் பெயர் தெரியாவிட்டால் இணைப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பெயர்ப்பட்டியலைத் தயாரித்த பழைய சேவை எஸ்எம்பி 1-ஐச் சார்ந்தது. அது போனதும் பட்டியலும் போயிற்று. பெயர் தெரியாத கணினியையும் \\192.168.1.5 என்பது போல முகவரியைத் தட்டி அணுகிப் பார்க்கலாம். அடுத்து, புதிய கணினி அந்த வைஃபையைப் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தால் தன் கோப்புகளைப் பகிர மறுக்கும். வீட்டு ரவுட்டரை மட்டும் 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலை அணைக்க வேண்டியதே இல்லை. மூன்றாவது, நாம் நாள்தோறும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும்; வலையமைப்பு வழியாக நுழையக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடாது. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகுதான் நெறிமுறையைச் சந்தேகிக்க வேண்டும். நம் குழுக்களிலோ அதுவே முதல் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

அந்த நெறிமுறையில் மொழியியலாளர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. எஸ்எம்பி என்பது 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பிறந்த கோப்புப் பகிர்வு நெறிமுறை. அதன் ஒவ்வொரு பதிப்பையும் அதன் ஆவணங்கள் 'டயலெக்ட்', அதாவது கிளைமொழி, என்றே அழைக்கின்றன. இரு கணினிகள் சந்தித்ததும் ஒன்று தனக்குத் தெரிந்த கிளைமொழிகளைப் பட்டியலிடுகிறது; மற்றது அதில் ஒன்றைத் தேர்கிறது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும். விஸ்டா இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. 2012-இல் விண்டோஸ் 8 மூன்றாவதைக் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து முதலாம் பதிப்பை விலக்கும் வேலை தொடங்கியது. அதிலும் ஒரு நுட்பம்: அந்தப் பதிப்பின் ஹோம், ப்ரோ வகைகளில் பழைய கணினியை அணுகும் 'கிளையன்ட்' பகுதி இருந்தது, ஆனால் 15 நாள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே நீங்கிவிடும். "போன விடுமுறையில் வேலை செய்தது, இந்த விடுமுறையில் செய்யவில்லை" என்று புலம்பியவர்கள் பலருக்கும் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும்.

'கிளைமொழி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "பெரிய மொழி சிறிய மொழியை விழுங்கக் கூடாது என்று கருத்தரங்குதோறும் பேசுகிறோம். பழைய கணினியின் கிளைமொழியைப் பேசப் புதிய கணினி மறுப்பது ஆதிக்கம் இல்லையா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஒப்புமை பொய் என்பதே என் நிலைப்பாடு. கிளைமொழிக்குப் பேசுவோர் உண்டு. அவர்களுடைய நினைவும் உழைப்பும் உறவுமுறையும் அதில் வாழ்கின்றன. எஸ்எம்பி 1-க்குப் பேசுவோர் இல்லை. அதை அணைத்தால் எந்தக் கிழவியின் கதையும் அழியாது. அழியக்கூடிய கதை அந்தக் கணினியின் வன்தட்டில் இருக்கிறது. குரலைக் காக்க வேண்டிய நாம், குரல் வந்த குழாயைக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் குழாயின் வரலாறும் நல்லதன்று. மைக்ரோசாஃப்டில் இத்துறையைக் கவனித்த நெட் பைல், எஸ்எம்பி 1-ஐ விட்டுவிடுங்கள் என்று 2016 செப்டம்பரிலேயே வெளிப்படையாக எழுதினார். 2017 மார்ச் 14 அன்று அதிலிருந்த ஓட்டைக்கு ஒட்டு வெளியானது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை புகுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் தப்பவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்ததால், அதற்கான ஒட்டு தாக்குதலுக்குப் பிறகே பொதுவாகக் கிடைத்தது.

நானோ, நான்கு பரிந்துரைகளையும் நிறைவேற்றிய மடிக்கணினியோடு விடுதிக்குத் திரும்பி, பல மாதங்கள் விடுதி வைஃபையில் இருந்தேன். எவ்ரிஒன், முழு உரிமை, கடவுச்சொல் இல்லை. அந்த வலையமைப்பில் இருந்த யாரும் என் கோப்புறையைத் திறந்திருக்கலாம். அதிலிருந்த பதிவுகளை அழித்தும் இருக்கலாம். தன் குரலை நம்பி ஒப்படைத்த அந்தப் பாட்டி இதற்கா ஒப்புதல் தந்தார்? யாரும் திறக்கவில்லை என்பது என் நல்லூழ். அதை என் ஆய்வறம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

எதிர்முகாம் ஒன்றும் உண்டு. "அந்தப் பெட்டியைக் குப்பையில் போடுங்கள்" என்பது அவர்கள் விடை. முதல் தரப்பு பாதுகாப்பைக் கைவிடுகிறது. இவர்கள் தரவைக் கைவிடுகிறார்கள். பழைய கணினியை வைத்திருப்பவர் சோம்பேறி என்றோ கஞ்சர் என்றோ ஓர் ஏளனமும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேராசிரியர் சோம்பேறி அல்லர். பதிவுகளை வாங்கிப் பாதுகாக்க அவருடைய பணிக்காலம் முழுவதிலும் எவரும் முன்வரவில்லை.

கடைசியில் செய்தது மிக எளிய வேலை. எக்ஸ்பி கணினியை அணைத்து, வன்தட்டைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஐடிஇ–யுஎஸ்பி இணைப்பானில் பொருத்தி, லினக்ஸ் கணினியில் 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்தோம். சுமார் 40 மணி நேரப் பதிவு. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி. மொத்தம் 25 ஜிபி. இரண்டு தனித்தனி வட்டுகளில் படியெடுத்து, ஹாஷ் மதிப்புகளை ஒப்பிட்டோம். பேரனுக்குப் பாட்டியின் கதை அன்றிரவே போய்ச் சேர்ந்தது. ஒலிபெயர்ப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எஸ்ஐஎல் ஐபிஏ93 எழுத்துருவில் இருப்பதால் அவற்றை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அது தனிக் கதை.

வட்டைக் கழற்றவே முடியாத நிலையும் வரலாம். அப்போது ரவுட்டரின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, புதிய கணினியில் எஸ்எம்பி 1-இன் 'கிளையன்ட்' பகுதியை மட்டும் இயக்கி, கோப்புகளை எடுத்து, அன்றே அணைத்துவிடுங்கள். 'சர்வர்' பகுதியைத் தொட வேண்டாம்; வான்னாக்ரை நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். எடுத்த கோப்புகளைத் திறக்குமுன் வைரஸ் சோதனை செய்யுங்கள். பழைய கணினியிடமிருந்து ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். அதனோடு நாள்தோறும் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை.

கேள்வி நம் துறைகளை நோக்கியும் எழ வேண்டும். 2009 முதல் ஆய்வேடுகளின் மின்படியைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் கேட்கின்றன. அவை சோத்கங்காவில் சேர்கின்றன. நல்லது. ஆனால் அந்த ஆய்வேடு நிற்கும் ஒலிப்பதிவும் களக்குறிப்பும் எங்கே சேர்கின்றன? பல நேரங்களில் படுக்கையறை மேசை மீதிருக்கும் கணினியில்தான். முடிவுரையைப் பாதுகாக்கிறோம், சான்றைப் பாதுகாப்பதில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளிலேயே தரவின் ஒரு படியையும் துறை பெற்றுக்கொள்ள வேண்டும். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்பதைப் பேசியவர்களின் ஒப்புதல் முடிவு செய்யட்டும். பெற்றுக்கொள்வதும் வெளியிடுவதும் ஒன்றல்ல. இன்னொரு படி அந்தச் சமூகத்திடமே போக வேண்டும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையில் உங்கள் நெறியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, உங்கள் பழைய பதிவுகள் எந்தக் கணினியில் இருக்கின்றன?" இணைப்பான் என்னிடம் இருக்கிறது; கேட்பவர்களுக்குத் தருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் கேட்ட அந்த நண்பருக்கும் நேற்று எழுதியிருக்கிறேன். கோப்புகளை எடுத்து முடித்திருந்தால், திறந்த நான்கு கதவுகளையும் இன்றே மூடிவிடுங்கள்.